மதினியின் சின்னச் சட்டி

இரக்கமுள்ள ஆண்டவர் எங்கள் வீட்டுக்குத் தந்து, போன வருஷம் திரும்ப அழைத்துக்கொண்ட எங்கள் மதினியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். என் அண்ணன் எழுதியிருந்தால்தான் சரியாக இருக்கும். ஆனால் பேனாவை எடுத்தால் அண்ணனுக்குக் கை ஓடவில்லை. "எப்பவும் அடுப்படியில அவகூட நீதான நின்ன, நீயே எழுது" என்று சொல்லிவிட்டார்கள். அடுப்படியில் நின்றவளுக்கு என்ன தெரியுமோ அதைத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினி பிறந்தது சிரியா தேசத்தில், ஹோம்ஸ் பட்டணத்துக்கு மேற்கே மலைமேல் இருக்கும் ஒரு கிறிஸ்தவ ஊரில். வேதத்தில் அந்தியோகியா, தமஸ்கு என்று வாசிக்கிறோமே, அந்தப் பக்கம். சின்ன வயதிலேயே தாயை இழந்து, தம்பி தங்கைகளை வளர்த்தவர்கள். தகப்பனார் தையற்காரர். குவைத்தில் அவருக்கு வேலை கிடைத்தபோது மதினியும் கூடப் போய்த் தைத்தார்கள். அவர்கள் கடைக்குத் துணி அனுப்பும் கம்பெனியில் அண்ணன் கிளார்க். பார்த்தார்கள், பேசினார்கள், ஆலயத்தில் வைத்து விவாகம் ஆனது. சாரா அங்கேதான் பிறந்தாள். பிறகு குவைத்தில் யுத்தம் வந்தது. தகப்பனார் சிரியாவுக்குத் திரும்பினார். மதினி புருஷனோடும் பிள்ளையோடும் பஸ்ஸிலும் லாரியிலும் பாலைவனத்தைத் தாண்டி, விமானம் ஏறிப் புனேக்கு வந்து சேர்ந்தார்கள். தகப்பனார் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை.

புனே கோர்ப்படியில் எங்கள் அப்பாவின் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அவர்கள் கையில் இருந்தது ஒரே பெட்டி. அதற்குள் பிள்ளையின் உடுப்புகளோடு காய் குடையும் கம்பி ஒன்று இருந்தது. மரக்கைப்பிடி போட்ட, நெடுக்கப் பாதியாகப் பிளந்த குழாய் மாதிரி ஒரு கம்பி. மதினியின் தாயாருடையது.

"சீரியா தேசத்துல இருந்து மருமக வேணும்னு நான் எந்த ஜெபத்துல கேட்டேன்?" என்று எங்கள் அம்மா ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. சபையில் எல்லாருக்கும் வேறு குழப்பம். "சிரியன் கிறிஸ்டியனா? கேரளாவுல எந்த ஊரு?" என்று கேட்பார்கள். மதினி சிரித்துக்கொண்டு, "ரொம்ப வடக்கு" என்பார்கள். எங்களிடம் திருநெல்வேலித் தமிழ், பஜாரில் இந்தி, பக்கத்து வீட்டு சாரதா காகுவிடம் மராத்தி என்று எல்லாம் படித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தார்கள். தெருவில் ரவிக்கை தைக்காத பெண் இல்லை. வயிற்று வலி என்று ஒருத்தி வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு ஓமத்தண்ணீர் வைப்பார்கள். ஒருவரைப் பற்றி ஒருவரிடம் பேசமாட்டார்கள்.

அவர்கள் செய்யும் பதார்த்தத்துக்கு மஹ்ஷி என்று பெயர். காயைக் குடைந்து உள்ளே அரிசி அடைத்துச் சட்டியில் வேகவைப்பது. அவர்கள் ஊர்க் காய் இங்கே கிடையாது. சிவாஜி மார்க்கெட்டில் பிஞ்சு தூதியாகப் பொறுக்குவார்கள், நம்ம சுரைக்காய்தான். கூடவே சின்னக் கத்திரிக்காயும் குடைமிளகாயும் இருக்கும். காயை இடது உள்ளங்கையில் பிடித்து, கம்பியைச் செருகித் திருகி, உள்ளே உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள். தோல் ஓட்டையாகவும் கூடாது, தடிமனாகவும் கூடாது. அம்பேமோஹர் அரிசியும் கொத்துக்கறியும் பட்டை மிளகுப்பொடியும் நெய்யும் பிசைந்து, விரல் இடம் விட்டு அடைப்பார்கள். சட்டிக்கு அடியில் எலும்பைப் போட்டு, அதன்மேல் காயை நெருக்கி அடுக்கி, தட்டைக் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவிடுவார்கள். தக்காளிச் சாறு கொதிக்கும்போது பூண்டும் காய்ந்த புதினாவும் விழும். அந்த வாசனைக்குத் தெருவே வந்து எட்டிப் பார்க்கும்.

"நம்ம எண்ணெய்க் கத்திரிக்காய் மாதிரி நாலாக் கீறி அடைச்சா ஒரு நிமிஷ வேலை. இதுக்குப் போயி காயோட மல்லுக்கட்டுதா பாரு" என்பார்கள் அம்மா.

"அத்தை, கீறினா அது காயம். குடைஞ்சா அது வீடு" என்பார்கள் மதினி.

"வீடு கட்டி முடிச்சிட்டுச் சொல்லு, எனக்குப் பசிக்கி."

ஈஸ்டர் பண்டிகைக்கு எங்கள் வீட்டில் பிரியாணி போய் மஹ்ஷி வந்துவிட்டது. ஆனால் முதல் வருஷத்திலேயே ஒன்றைக் கவனித்தோம். பெரிய சட்டியில் எங்களுக்குக் கறி போட்டதைச் செய்துவிட்டு, தனக்கு ஒரு சின்னச் சட்டியில் கறியும் நெய்யும் இல்லாமல் அரிசி, கொண்டைக்கடலை, தக்காளி, கொத்தமல்லி, எண்ணெய், எலுமிச்சம்பழம் என்று தனியாக வைத்தார்கள்.

"ரெண்டு சட்டி எதுக்கு? லெந்து உபவாசம் முடிஞ்சிட்டு. கறி தின்னு" என்றார்கள் அம்மா.

மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, உங்க இயேசு எந்திரிச்சிட்டார். என் இயேசு இன்னும் கல்லறையில இருக்கார்" என்றார்கள்.

அம்மா திகைத்துப்போய் அண்ணனைப் பார்த்தார்கள். மதினி ஊர்ச் சபைக்குப் பழைய காலத்துக் கணக்கு, அவர்கள் பண்டிகை பல வருஷங்களில் நம்முடையதற்குச் சில வாரம் பிந்தித்தான் வரும் என்று அண்ணன் விளக்கினார்கள். அதுவரைக்கும் அவர்களுக்கு உபவாச நாட்கள். கறி, மீன், முட்டை, பால், நெய் எதுவும் ஆகாது. எங்களோடு எங்கள் ஆலயத்துக்கு வந்தார்கள், எங்கள் பாட்டைப் பாடினார்கள். ஆனால் உபவாசத்தை மட்டும் தாய் வீட்டுக் கணக்குப்படியே காத்தார்கள். அதைப் பற்றி யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். தன் பண்டிகை விடிந்ததும் எங்கள் முன் வந்து நின்று, "அல் மசீஹ் காம்" என்பார்கள். கிறிஸ்து எழுந்தார் என்று அர்த்தம். அதற்குப் பதில் உண்டாம். எங்களுக்குத் தெரியாது. நாங்கள் முழிப்போம். மதினி தானே "ஹக்கன் காம்" என்று பதிலும் சொல்லிக்கொண்டு, பெரிய சட்டியை ஏற்றுவார்கள். மெய்யாகவே எழுந்தார் என்பது அந்தப் பதில். "உம் இயேசுவுக்கு இந்தத் தடவையும் டிரெய்ன் லேட்டா?" என்று அம்மா கேட்பார்கள். வருஷா வருஷம் இது எங்கள் வீட்டு வேடிக்கை.

இந்த வேடிக்கையை நாங்கள் மறந்துபோன வருஷத்தைப் பற்றித்தான் இனி எழுதவேண்டும். அழுகை வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

போன வருஷம் லெந்து நாட்களில், ஒரு காலை வேளையில், மிஷினில் தைத்துக்கொண்டிருந்த மதினி அப்படியே சரிந்தார்கள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு முழுக்கப் போய்விட்டது. தமிழ், அரபி, மராத்தி எதுவும் இல்லை. கண் மட்டும் பேசியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "விழுங்குறதுல குறை இல்லை. நல்லாச் சாப்பிட வையுங்க. பால், முட்டை, சூப். சாப்பிட்டாத்தான் பிழைப்பாங்க."

சாப்பிடவில்லை.

நான் என் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து தங்கினேன். பால்கஞ்சி வைத்தேன், துப்பினார்கள். முட்டையை மசித்து ஊட்டினேன், பல்லை இறுக்கிக்கொண்டார்கள். ஆட்டுக்கால் சூப்பைக் கரண்டியில் எடுத்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். தண்ணீரும் இளநீரும் பால் இல்லாத டீயும் இறங்கின. சத்துக்காகப் பால்பவுடர் கரைத்த நாளில் அந்த டீயும் வெளியே வந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கையைத் தூக்கினால் எலும்புதான் வந்தது. சாரா கல்லூரியிலிருந்து வந்து அடுப்படியில் என் தோளில் விழுந்து, "அத்தை, மம்மி நம்மள விட்டுப் போக டிசைட் பண்ணிட்டா. அவ்ளோதான்" என்று அழுவாள். நான் என்ன சொல்வது? எனக்கும் அதே பயம்தான். ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வராது.

இதற்கிடையில் ஈஸ்டர் வந்தது. நம்முடைய ஈஸ்டர். ஆலயத்துக்கு யாரும் போகவில்லை. மதினிக்கு உயிரான பதார்த்தத்தைச் செய்தால் வாயைத் திறப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கம்பியை நான் தொட்டதே இல்லை. மதினி குடைவார்கள், நான் வெங்காயம் வெட்டுவேன், அவ்வளவுதான். அன்றைக்கு நானே குடைந்தேன். பாதிக் காய் கிழிந்தது. அம்பேமோஹர் தீர்ந்திருந்ததால் வீட்டில் இருந்த புழுங்கல் அரிசியைப் போட்டேன். அடைத்த காய் என்றால் நமக்குத் தெரிந்தது மசாலாவைக் கொள்ளும் மட்டும் திணிப்பதுதானே, அப்படியே அரிசியையும் திணித்தேன். சட்டியைத் திறந்தால் காயெல்லாம் வெடித்துக் கிடந்தது, அரிசி விறைத்துக்கொண்டு நின்றது. ஆனாலும் மசித்துக் கொண்டுபோனேன். மதினி பார்த்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

என் கைப்பக்குவம்தான் குற்றம் என்று நினைத்தேன். திரும்பவும் மார்க்கெட்டுக்கு ஓடினேன். சாரதா காகு அம்பேமோஹர் கொண்டுவந்து தந்து, பக்கத்தில் நின்று, "ஹளூ, தாயி, ஹளூ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மெதுவாக, மெதுவாக. இந்தத் தடவை காய் கிழியவில்லை. விரல் இடம் விட்டேன். எலும்பு போட்டேன், குழவியை ஏற்றினேன், பூண்டும் புதினாவும் கடைசியில் போட்டேன். மூடியைத் திறந்ததும் மதினியின் வாசனை வீடு முழுக்க வந்துவிட்டது. சாரா "மம்மி!" என்று ஓடினாள்.

மதினிக்கும் வாசனை எட்டியது. கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. கரண்டியை உதட்டில் வைத்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். என் அண்ணன் சத்தம்போட்டு நான் கேட்டதில்லை. "ஒரு வாய் தின்னா என்ன? உனக்கு நாங்க வேண்டாமா? பாலைவனத்துல உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேனே, இப்படிக் கண்ணு முன்னால பட்டினியில விடவா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். மதினி இடது கையை நீட்டி அண்ணனின் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அதே கையால் நெற்றியைத் தொட்டு, மார்பைத் தொட்டு, வலது தோள், இடது தோள் என்று அவர்கள் ஊர் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

வாசற்படியில் நின்றிருந்த அம்மா அதைப் பார்த்தார்கள்.

"ஏட்டி," என்றார்கள் என்னிடம். குரலே வேறு மாதிரி இருந்தது. "ஏட்டி, அவ இயேசு இன்னும் எந்திரிக்கலையே."

பால், முட்டை, சூப், நெய், கறி. நாங்கள் நீட்டியது எல்லாம் அவர்கள் தொடக்கூடாதது. வாய் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். அம்மா தள்ளாடி வந்து கட்டிலில் உட்கார்ந்து, மதினியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்கள். "உன் ஈஸ்டர் வரலையா, ஆத்தா? கறி இல்லாம, உன் சின்னச் சட்டியில செஞ்சு தந்தா திம்பியா?"

மதினி அம்மாவின் கையைப் பிடித்த பிடியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சாரா ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடி, சிரியாவில் உள்ள சித்திக்குப் போன் போட்டுக் கேட்டாள். அந்த வருஷம் அவர்கள் பண்டிகை மே மாதத் தொடக்கத்தில்தான். இன்னும் பல வாரம் இருந்தது.

பாஸ்டர் ஐயா வந்தார்கள். "நோயாளிக்கு உபவாசம் கிடையாதும்மா, தேவன் இரக்கமுள்ளவர்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். மதினி கண்ணை மூடிக்கொண்டார்கள். அண்ணன் கெஞ்சினார்கள்: "எனக்காக ஒரு முட்டை. பாவம்னா அது என் தலையில வரட்டும்." அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. அந்த உடம்பில் அவர்கள் சொந்தமாகக் காப்பாற்ற மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் நாங்கள் பிடுங்கலாமா? அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்கள். நான் சின்னச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

சாப்பிட்டார்கள். பிள்ளைபோல வாயைத் திறந்து, மசித்த தூதியும் அரிசியும் கடலையும் எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டார்கள். சாரா ஒவ்வொரு வாய்க்கும் கைதட்டினாள். "கடலை நல்லது, அதையே குடுங்க" என்றார் டாக்டர். ஒவ்வொரு நாளும் செய்தேன். சில நாட்களில் நாற்காலியில் உட்காரவைத்தோம். ஒருநாள் நான் அரிசி அடைத்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் இடது கையால் கம்பியை எடுத்து என் விரல் முட்டியில் பொட்டென்று ஒரு அடி வைத்தார்கள். ஏன் என்று பார்த்தால், காயை நிறைத்துவிட்டேன். வழித்து எடுத்து விரல் இடம் விட்டேன். தலையை ஆட்டினார்கள். கோணிய வாயால் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நம்பினோம். பண்டிகை வந்ததும் முட்டையும் பாலும் கறியும் தின்று எழுந்துவிடுவார்கள் என்று நம்பினோம். அம்மா நாட்காட்டியில் வட்டம் போட்டு, "உன் டிரெய்ன் வந்துக்கிட்டே இருக்கு, பிடிச்சுக்க" என்று தினமும் சொல்வார்கள். அந்த நாள்வரைக்கும் இந்த உடம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று மட்டும்தான் நான் ஆண்டவரிடம் கேட்டேன்.

அவர்களுடைய பாடு வாரத்தில், பண்டிகைக்கு முந்தின வாரம், காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய், கையில் ஊசி. எல்லாரும் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். நான் வராந்தாவில் நின்று, "இன்னும் ரெண்டு நாள்தானே ஆண்டவரே, ரெண்டே நாள்தானே" என்று சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் மதினியின் மூச்சு நின்றது. அவர்களுடைய இயேசு இன்னும் கல்லறையில் இருந்தார்.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் வெயில் கொளுத்தியது. பாஸ்டர் ஐயா உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பண்டிகை விடிந்துவிட்டது, மதினி பெட்டிக்குள் இருக்கிறார்கள், இது என்ன நியாயம் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. ஆண்டவர் மன்னிப்பாராக. அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்தோம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சாரதா காகு கடலைமாவுப் பித்லாவும் சோள ரொட்டி பாக்ரியும் செய்து வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. அம்மா நேரே அடுப்படிக்குப் போனார்கள்.

"அடுப்பைப் பத்த வை" என்றார்கள் என்னிடம்.

"அம்மா, இன்னைக்கா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் என்னமும் சொல்லட்டும். இன்னைக்கு அவ ஈஸ்டர். பெரிய சட்டியை எடு. கறி வாங்கியாரச் சொல்லு."

நான் குடைந்தேன். சாரா அடைத்தாள். கண்ணீர் விழுந்து உப்பே போடவேண்டியிருக்கவில்லை. ஆறு மணிக்குச் சட்டி இறங்கியது. அம்மா முதல் காயை ஒரு தட்டில் எடுத்து மதினியின் தையல்மிஷின்மேல் வைத்தார்கள். எல்லாரும் சுற்றி நின்றோம். அந்த வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை. சாராதான் திக்கித் திக்கிச் சொன்னாள்: "அல் மசீஹ் காம்."

வருஷக்கணக்காக அந்த வார்த்தையைக் கேலி பண்ணின எங்கள் அம்மா, ஒரு எழுத்துப் பிசகாமல், "ஹக்கன் காம்" என்றார்கள். சொல்லிவிட்டு அந்த மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமாக அழுதார்கள்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. தேறிவிட்டோம் என்று எழுதினால் அது பொய். அண்ணன் இன்னும் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுகிறார்கள். எனக்குக் கையில் கம்பியை எடுத்தால் முட்டியில் அந்த அடி விழுகிறது. ஆனால் ஆண்டவரோடு இப்போது பேசுகிறேன்.

எங்கள் துக்கத்தில் நின்றவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். சிரமம் பார்க்காமல் தினம் வந்து பார்த்த டாக்டருக்கும், மதினியைத் தன் தாயைப் போலத் திருப்பிப் படுக்கவைத்த நர்சம்மாவுக்கும், ஜெபத்தோடு வந்த பாஸ்டர் ஐயாவுக்கும் சபையாருக்கும், சாகண் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டை மாற்றிக்கொண்டு என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும், மதினி தைத்த துணியை உடுத்திக்கொண்டே பெட்டிக்குப் பின்னால் நடந்துவந்த தெருப் பெண்களுக்கும், எங்கள் சாரதா காகுவுக்கும் எங்கள் கண்ணீரோடு வந்தனம். சிரியாவில் இருந்துகொண்டு எங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றிய மதினியின் தங்கைக்கும் வந்தனம்.

இந்த வருஷம் அவர்கள் பண்டிகை நமக்கு ஒரு வாரம் பிந்தி வருகிறது. அதனால்தான் நினைவுக் கூட்டத்தை அன்றைக்கு வைத்திருக்கிறோம். வந்தவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது. பெரிய சட்டி நிறைய இருக்கும். வாசலில் சாரா நின்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுவாள். பதில் தெரியாதவர்கள் எங்கள் அம்மாவைக் கேட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள்.